ஆந்தையின் கண்ணும் விமர்சகனின் கண்ணும்: இயற்கையொளிப் படங்கள் பற்றிய ஒரு நோக்கு

கலைப்படைப்பொன்றின் அழகினை, அது ஆக்கப்பட்ட முறையிலிருந்து பிரித்து மதிப்பிடலாமா என்னும் வினா தமிழ் விமர்சன உலகிற்குப் புதியதன்று. உருவம், உள்ளடக்கம் பற்றிய வாதப் பிரதிவாதங்கள் நமது சஞ்சிகைகளிற் பல நூறு பக்கங்களை நிரப்பியுள்ளன. ஆயின் அவ்வாதங்கள் பெரும்பாலும் கவிதை, நாவல், சிறுகதை என்பனவற்றோடு நின்றுவிட்டன. ஒளிப்படமும் விமர்சனத்துக்குரியதொரு கலையே என்னும் எண்ணம் நம்மிடையே இன்னும் வேரூன்றவில்லை. அதிலும் காட்டுயிர்ப் படமெனில், ‘அழகாக இருக்கிறது’ என்ற ஒரு சொல்லோடு கடந்துவிடுகிறோம்.

இக்கட்டுரை எடுத்துக்கொள்வது அவ்வகைப் படங்களுள்ளும் மிகக் குறுகியதொரு பகுதியை. காட்டில் தன்னியல்பில் வாழும் ஆந்தையை, செயற்கை வெளிச்சமின்றியும் அதன் அமைதியைக் குலைக்காமலும் எடுக்கும் படங்களே இங்கு பொருளாகின்றன. பொருள் குறுகியதாயினும், மேலே சுட்டிய வினாவிற்கு இத்துணைத் தெளிவான விடை வேறிடங்களிற் கிடைப்பது அரிது. கவிஞன் எவ்வாறு எழுதினான் என்பதைக் கவிதை மறைத்துவிடலாம். ஆந்தைப் படமோ, தான் எடுக்கப்பட்ட முறையை ஆந்தையின் உடலிலேயே காட்டிவிடுகின்றது.

ஆந்தைப் படமென்றதும் நம் நினைவிற்கு வருவது யாது? பார்ப்பவரை நேருக்கு நேர் உறுத்து நோக்கும் இரு வட்டக் கண்கள். நாட்காட்டிகளிலும், அஞ்சலட்டைகளிலும், மாணவர் ஒளிப்படக் கண்காட்சிகளிலும் பரிசுக்குரியதாகத் தெரியப்படுவது பெரும்பாலும் இப்பார்வையே. மனித முகத்தைப்போல் தட்டையான முகமும், முன்னோக்கி அமைந்த கண்களும் உடைய பறவை ஆந்தை. ஆதலால் அதன் நேர்ப்பார்வை நம்மை ஈர்ப்பது இயல்பு. ஆனால் பகற்பொழுதில் ஓய்ந்திருக்கும் ஆந்தையொன்று ஏன் நம்மை உறுத்து நோக்கவேண்டும் என்ற கேள்வியை நாம் கேட்பதில்லை.

இவ்விடத்தில் அப்பறவையின் உடலமைப்பைச் சிறிது அறிந்துகொள்ளுதல் அவசியமாகின்றது. ஆந்தையின் கண் உருண்டையானதன்று, குழாய் வடிவினது. எலும்பு வளையமொன்றினுள் இறுகப் பொருந்தியிருப்பதால் அது தன் குழியிற் சுழலமாட்டாது. பார்வையைத் திருப்ப விரும்பும் ஆந்தை தலையையே திருப்பவேண்டும். அதன் கழுத்தில் 14 முள்ளெலும்புகள் உள்ளன, மனிதனுக்குள்ளவை ஏழே. தலையை ஏறக்குறைய 270 பாகை வரை திருப்ப அதனால் இயலும். எனவே ஆந்தையின் முகம் கமராவுக்கு நேரே நிற்கின்றதெனில், அதன் கவனம் முழுவதும் கமராவை நோக்கித் திரும்பியுள்ளது என்பதே பொருள். மனிதர் கடைக்கண்ணால் நோக்குவதுபோல் அது நோக்காது.

அமைதியாக இருக்கும் ஆந்தையின் தோற்றம் வேறு. இறகுகள் தளர்ந்து உடல் பருத்துத் தோன்றும். கண்கள் மூடியோ பாதி மூடியோ இருக்கும். சில வேளைகளில் ஒரு கால் இறகினுள் மறைந்திருக்கும். அச்சமுற்ற ஆந்தையோ உடலை ஒடுக்கி, நிமிர்ந்து, மெலிந்து நிற்கும். நீள்செவி ஆந்தை போன்றவை செவி போன்ற இறகுக் கொத்துகளையும் உயர்த்தி, முறிந்த மரக்கிளை போலத் தோற்றங் கொள்ளும். இந்நிலையில் அவற்றின் கண்கள் கீற்றாகச் சுருங்குவதும் உண்டு என்பது முக்கியமாகக் கவனிக்கத்தக்கது. இவ்வாறு ஒடுங்கி நிற்கும் ஆந்தையின் படத்திற்கு ‘நிம்மதியான துயில்’ என்று தலைப்பிட்டிருந்ததை ஒரு கண்காட்சியிற் கண்டேன். அவ்வாந்தை துயிலவில்லை, தன்னை நெருங்கி வந்தவர் எப்போது அகல்வார் என்று அஞ்சி நின்றது. ஆகவே கண் திறந்திருந்தால் தொந்தரவு, மூடியிருந்தால் அமைதி என்ற எளிய சூத்திரம் இங்கு பயன்படாது. முழு உடலையும் வாசிக்கவேண்டும். கவிதையிலும் ஒரு சொல்லை மட்டும் பிடுங்கியெடுத்துப் பொருள் கூறுவோர் இடறுவது இவ்வாறே.

தொந்தரவின் விளைவு அற்பமானதன்று. பகலில் மறைவிடத்தைவிட்டு எழுப்பப்படும் ஆந்தையைக் காகங்களும் கரிக்குருவிகளும் கொண்டைக்குருவிகளும் சூழ்ந்து துரத்தும். குளிர்நாடுகளிலாயின், இரை அரிதான மாரியில் வீணாகச் சிறகடிக்கும் ஒவ்வொரு முறையும் அதன் உடற்சக்தி செலவாகின்றது. அடைகாக்கும் காலத்தில் தாய் எழுந்து பறந்தால் முட்டையும் குஞ்சும் காப்பின்றிக் கிடக்கும்.

நமது இரசனை இவ்வாறு அமைந்ததற்கு வரலாற்றுக் காரணங்கள் உள்ளன. 1895இல் இங்கிலாந்தின் கியர்ற்றன் சகோதரர்கள் வெளியிட்ட பறவைக் கூடுகள் பற்றிய நூல், முற்றாக இயற்கைச் சூழலில் எடுத்த படங்களைக் கொண்டு அமைந்த முன்னோடி நூலாகக் கருதப்படுகின்றது. அவர்களுக்கு இருந்தது சூரிய ஒளியே. ஒளியுணர்திறன் குன்றிய கண்ணாடித் தகடுகளைக் கொண்டு இரவுப் பறவையைப் பிடிப்பதெங்ஙனம்? அமெரிக்காவில் ஜோர்ஜ் ஷைராஸ் என்பவர் மக்னீசியப் பொடியை வெடிக்கவைத்து அவ்வொளியில் இரவு விலங்குகளைப் படமெடுத்தார். அப்படங்கள் 1906இல் நஷனல் ஜியோகிரபிக் சஞ்சிகையில் வெளிவந்தன. திகைத்து நிற்கும் விலங்கு, அதன் பின்னே கரிய இருள் என்னும் அமைப்பு இரவுப் படங்களின் வாய்பாடாயிற்று.

இவ்வாய்பாட்டின் உச்சமாக எரிக் ஹொஸ்கிங் (1909–1991) 1948இல் எடுத்த கூகைப் படத்தைக் கொள்ளலாம். வெண்ணிறக் கூகையொன்று அலகில் வயலெலியோடு, இரு சிறகுகளையும் உயர விரித்து நிற்கின்றது. பின்னணி கரிய இருள். மேனாட்டு அரச இலச்சினைகளிற் காணும் பறவையுருவங்களை ஒத்த சமச்சீர் அமைப்பு. மின் பிளாஷ் விளக்கின் மிகக் குறுகிய ஒளிவீச்சே சிறகின் ஒவ்வோர் இறகையும் உறையவைத்துக் காட்டுகின்றது. அக்காலத் தொழினுட்பத்தில் இது மாபெரும் சாதனை என்பதில் ஐயமில்லை. இயற்கையொளியை விரும்புவோர் சிலர் இப்படத்தை ஒரே வீச்சில் நிராகரிப்பதுண்டு. அது நியாயமன்று. ஹொஸ்கிங் மறைவிடக் கூடாரங்களைப் பறவை பழகும்வரை படிப்படியாக அண்மிக்கும் முறையைக் கையாண்டவர். இன்று இயற்கையொளியில் படமெடுக்கிறோம் என்று கூறிக்கொண்டு பதின்மர் ஒரு மரத்தடியிற் கூடி, ஆந்தை திரும்பவேண்டுமெனக் கைதட்டுவதினும் அவரது பிளாஷ் குறைந்த தீங்கையே செய்திருக்கக்கூடும்.

ஆயினும் அப்படத்தில் எனக்குக் குறையாகத் தோன்றுவது ஒன்றுண்டு. அதில் இரவு இல்லை. கருமை உண்டு, இரவு இல்லை. கூகை எந்த மரத்திற்கு வந்தது, எந்த வயலைக் கடந்தது, அவ்வேளையில் வானில் எவ்வளவு வெளிச்சம் எஞ்சியிருந்தது என்பனவற்றை ஒளிவீச்சு அழித்துவிட்டது. எஞ்சியது ஒரு சின்னம். பறவையைச் சின்னமாக்குதல் எளிது. அதன் வாழிடத்தோடு சேர்த்துக் காட்டுதலே அரிது. யதார்த்தம் பற்றி நாம் நாவல்களிடம் எழுப்பும் கேள்வி இதுவேயன்றோ?

ஹொஸ்கிங்கின் வாழ்வில் இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. 1937இல் வேல்ஸ் நாட்டில் காட்டாந்தையொன்றின் கூட்டருகே அமைத்த தன் மறைவிடத்திற்கு இருளில் அவர் சென்றபோது, ஆந்தை பாய்ந்து நகத்தால் அவரது இடக்கண்ணைத் தாக்கியது. அக்கண்ணை அவர் இழந்தார். 1970இல் வெளிவந்த தம் சுயசரிதைக்கு, ‘கண்ணுக்குக் கண்’ என்னும் பழமொழியைத் திரித்து ‘ஒரு பறவைக்கு ஒரு கண்’ என்று பொருள்படும் தலைப்பை இட்டார். இதனை வீரக்கதையாகச் சொல்வதே வழக்கம். கூடு காக்கும் பறவையின் பக்கத்திலிருந்து பார்ப்பின், தொந்தரவு என்பது யாதென அது ஐயத்திற்கிடமின்றி அறிவித்த சந்தர்ப்பம் என்றும் கூறலாம். பிரித்தானியாவின் 1981ஆம் ஆண்டு வனவுயிர் மற்றும் நாட்டுப்புறச் சட்டத்தின்படி, கூட்டிலுள்ள கூகையை அனுமதிப்பத்திரமின்றி வேண்டுமென்றே தொந்தரவு செய்வது குற்றமாகும்.

ஹொஸ்கிங்கிற்கு இருந்த நியாயம் இன்றுள்ளோர்க்கு இல்லை. இக்கால இலக்கமுறைக் கமராக்கள் ஐ.எஸ்.ஓ. 6400 என்ற உணர்திறனிலும் ஏற்கத்தக்க படத்தைத் தருகின்றன. ஆந்தை பெரும்பாலும் அசையாதிருக்கும் பறவை. உறுதியான முக்காலியில் 500 மில்லிமீற்றர் வில்லையைப் பொருத்திவிட்டுக் காத்திருப்பவர், அந்தி மங்கலில், வினாடியின் 30இல் ஒரு பங்கு நேரத்தில்கூடத் தெளிவான படத்தைப் பெறமுடியும். பத்துப் படங்களில் எட்டு மங்கிப்போகலாம், இரண்டு மிஞ்சும். மேகமூட்டமான பகலின் பரவிய ஒளி, இறகின் கபில நிறப் பேதங்களை உச்சி வெயிலிலும் நுணுக்கமாகக் காட்டும். எனவே பிளாஷைப் பயன்படுத்துவது இன்று பெரும்பாலும் தேவையின் விளைவன்று, இரசனையின் விளைவு. பழைய தொழினுட்பத்தின் குறைபாடு புதிய தலைமுறையின் அழகியலாக எஞ்சி நிற்கின்றது.

இரை காட்டி எடுக்கும் படங்கள் இதனினும் நுட்பமான ஏமாற்று. வட அமெரிக்காவில் மாரிதோறும் வடக்கிலிருந்து வரும் பனி ஆந்தைகளுக்குக் கடையில் வாங்கிய எலியை வெண்பனியில் விட்டு, அவை பாய்ந்து வருவதைப் படமாக்குவோர் உளர். இப்படங்கள் பெரும்பாலும் இயற்கையொளியில் எடுக்கப்பட்டவையே. சிறகு விரித்து, நகங்களை முன்னீட்டி, கமராவுக்கு நேரே, நிலத்தோடு தாழப் பறந்து வருகின்றது ஆந்தை. ஆனால் அதன் பார்வை நம்மேல் இல்லை; வில்லைக்குச் சற்று முன்னே, சட்டத்திற்கு வெளியே, கீழே ஓரிடத்தில் குத்தி நிற்கின்றது. இத்தகைய படமெல்லாம் இரை காட்டி எடுத்ததெனக் கூறமுடியாது. எனினும் ஒரே கோணம், ஒரே தூரம், ஒரே பார்வை எனப் படம் படமாகத் திரும்பத் திரும்ப வரும்போது விமர்சகனுக்கு ஐயம் எழவேண்டும். மனிதனையும் வீதியையும் உணவோடு தொடர்புபடுத்தப் பழகிய ஆந்தை வாகனத்தில் அடிபடும் அபாயம் பெரிது. அமெரிக்காவின் ஓடுபோன் சங்கம் தன் ஒளிப்படப் போட்டியில் இத்தகைய படங்களை ஏற்பதில்லை.

எலி கொடுத்து ஆந்தையை வசப்படுத்தும் எண்ணம் தமிழிலக்கியத்திற்குப் புதியதன்று என்பது சுவையானதொரு செய்தி. நற்றிணையின் 83ஆம் பாடலில் தோழி, ஊர் வாயிலில் நீருண்ணும் துறையருகே பழைய மரத்தில் வாழும் கூகையை விளித்துப் பேசுகிறாள். நெய்ச்சோறும், ஊனும், சுட்ட எலியும் தந்து பேணுவோம். தலைவன் வரும் இரவில் மட்டும் அஞ்சுமாறு குழறாதே என்பது அவள் வேண்டுகோள். எலியைக் காட்டி ஆந்தையைத் தன்னிடம் அழைப்பவன் இன்றைய கமராக்காரன். எலியைக் காட்டி, நீ உன் பாட்டில் சும்மா இரு என்று கேட்பவள் சங்கத் தோழி. அவளது நோக்கமும் சுயநலமே எனினும், கூகையை அவள் அம்மரத்தின் பழங்குடியாக ஏற்றுக்கொண்டே பேசுகிறாள். உரையாசிரியர்கள் இப்பாடலைச் சிறைப்புற நிலையில், தலைவன் கேட்க உரைத்ததாகக் கொள்வர். கூகை அதைக் கேட்டதா என்பது யாருக்கும் கவலையில்லை. அதுவும் ஒருவகையிற் பொருத்தமே.

இனி நமது நாட்டிற்கு வருவோம். சிங்கராஜ வனத்தின் செரண்டிப் ஆந்தை உலகின் பறவையியல் வரலாற்றில் விசேட இடம் பெற்றது. தீபால் வரகாகொட 1995இல் கித்துல்கல காட்டில் இனங்காண முடியாத குரலொன்றைக் கேட்டார். அக்குரலுக்குரிய பறவையை அவர் கண்டது 2001 ஜனவரியில், சிங்கராஜவில். அவரும் பமீலா ராஸ்முசனும் 2004இல் அதனைப் புதிய இனமாக விபரித்து, ஒட்டஸ் திலோஹொவ்மனி எனப் பெயரிட்டனர். 1970களில் சிங்கராஜவில் மரம் வெட்டுதலுக்கு எதிராகப் போராடிய திலோ ஹொவ்மனைக் கௌரவிக்கும் வகையில் அமைந்த பெயர் அது. ஆறு ஆண்டுகள் இப்பறவை குரலாக மட்டுமே இருந்தது. ஏறக்குறைய 17 சென்ரிமீற்றர் நீளமேயுள்ள இச்செந்நிற ஆந்தை, ஈரக்காட்டின் கீழ்ச்செடிகளிடையே, நிலத்திற்கு அருகே பகலைக் கழிக்கின்றது. அதாவது, மனிதன் கைநீட்டினால் எட்டக்கூடிய உயரத்தில்.

இங்குதான் பிரச்சினை கூர்மையடைகின்றது. இவ்வாந்தையைக் காண உலகெங்குமிருந்து வருவோர் உளர். அவர்களிற் பலர் ஓரிரு நாட்களே தங்குவர். செறிந்த செடிகளுள் அதைத் தாமாகக் கண்டுபிடித்தல் அவர்களுக்கு ஏறத்தாழ இயலாத காரியம். வனத்தின் எல்லைக் கிராமத்து வழிகாட்டியே அதிகாலையில் தேடிச்சென்று, அது அன்று தங்கியுள்ள இடத்தைக் கண்டறிந்து, பின்னர் பிரயாணியை அழைத்துச் செல்கிறார். படத்தின் கீழே அச்சாவது பிரயாணியின் பெயர். உழைப்பு வழிகாட்டியுடையது, தொந்தரவைப் பொறுப்பது ஆந்தை. பிரயாணி மகிழ்ந்து கொடுக்கும் சன்மானத்தில் குடும்பச் செலவு தங்கியிருக்கும்போது, ‘இன்னும் ஓரடி முன்னே போகலாமா’, ‘அந்த இலையைச் சற்று விலக்கலாமா’ என்ற கேள்விகளுக்கு மறுப்புச் சொல்வது எளிதன்று. மறுப்பவர்கள் உளர், அவர்களது பெயர் எந்தப் படத்தின் கீழும் வருவதில்லை. எனவே ஒளிப்பட ஒழுக்கத்தைத் தனிமனிதரின் நற்பண்பாக மட்டும் பேசுவோர் பிரச்சினையின் பாதியையே காண்கின்றனர். படத்தின் உற்பத்தியில் யார் யாருக்கு என்ன பங்கு, யாருக்கு என்ன ஊதியம் என்பதையும் சேர்த்தே நோக்கவேண்டும். குழுவின் அளவும், நிற்கும் நேரமும், அணுகும் தூரமும் முன்கூட்டியே விதியாக இருப்பின், மறுக்கும் சுமை வழிகாட்டியின் தோளிலிருந்து இறங்கும்.

விதியின் பயனுக்குத் தூரத்து உதாரணமொன்று தருகிறேன். 2021 ஜனவரியில் நியூயோர்க் நகரின் சென்றல் பூங்காவில் பனி ஆந்தையொன்று வந்திறங்கியது. 1890இற்குப் பின் அங்கு பதிவான முதற் பனி ஆந்தை அது. பெருங்கூட்டம் திரண்டது. ஆனால் ஆந்தை அமர்ந்த விளையாட்டுத் திடலைச் சுற்றி வேலியிருந்தது. வேலிக்கு வெளியே நின்று எடுத்த படங்களில் ஆந்தை சிறிதாக, மணற்றரையில், தன் பாட்டில் இருக்கின்றது. ஒழுக்கக் கோவைகள் செய்யாததை ஒரு கம்பி வேலி செய்தது.

பதிவுசெய்த குரலை ஒலிக்கவைத்து ஆந்தையை வெளியே வரச்செய்யும் வழக்கமும் பரவலாக உண்டு. தன் எல்லைக்குள் வேறோர் ஆந்தை புகுந்துவிட்டதென நம்பி அது வந்து நிற்கும்; வந்து நிற்பதைத்தான் படம் காட்டும்; எதற்காக வந்தது என்பதைக் காட்டாது. குரலின் மூலம் அறிவியல் கண்டடைந்த பறவையை, அதே குரலாற் பொறியிற் சிக்கவைப்பது வேதனைக்குரிய முரண்.

அவ்வாறாயின் நல்ல படம் எவ்வாறிருக்கும் என்று கேட்கலாம். செரண்டிப் ஆந்தையின் படங்களுள் நான் மதிப்பவை, இலை விலக்கப்படாத படங்கள். பன்னத்தின் கீற்றொன்று முகத்தின் பாதியை மறைத்திருக்கும். பச்சையும் கபிலமும் கலந்த மங்கலில் ஆந்தை எங்குள்ளது என்று கண் சிறிது தேடவேண்டியிருக்கும். ஐ.எஸ்.ஓ. உயர்ந்ததால் படத்திற் புள்ளிகள் தெரியும். போட்டி நடுவர் இவற்றைக் குறைகள் என்பார். அவ்விலைகளுக்குள் மறைந்திருப்பதே அப்பறவையின் வாழ்க்கை முறை. அதனாலன்றோ 2001 வரை எவர் கண்ணிலும் படாதிருந்தது. இலையை விலக்கி எடுத்த தெளிவான படம், அந்த உண்மையைப் பொறுத்தவரை, பொய் சொல்கின்றது.

அவ்வகையில் நமது கண்காட்சிகளை ஒழுங்கு செய்வோரிடம் ஒரு வேண்டுகோள் விடுக்கலாம். ஆந்தைப் படமொன்றின் கீழ் இனப் பெயரோடு, எந்நேரத்து ஒளி, எவ்வளவு தூரம், குரல் ஒலிக்கப்பட்டதா, இரை காட்டப்பட்டதா, ஆந்தை இருந்த இடத்தைவிட்டு எழுந்ததா என்பனவும் எழுதப்படட்டும். கூடிருக்கும் இடத்தின் பெயரை மட்டும் எழுதவேண்டாம். இடம் அறிந்தால் அடுத்த வாரமே கூட்டம் சேரும். உலகளாவிய பறவைப் பதிவுத் தளமான ஈ-பேர்ட், தொந்தரவுக்கு இலக்காகக்கூடிய இனங்களின் துல்லியமான இடத்தைப் பொதுப் பார்வையிலிருந்து மறைத்து வைப்பதும் இதனாலேயே.

சிங்கராஜவுக்கு நேர்மாறானது யால போன்ற வரண்ட வலயப் பூங்காக்களின் நிலை. அங்கு வாகனத்தைவிட்டு இறங்குதல் தடைசெய்யப்பட்டுள்ளது. அத்தடையே சிறந்த மறைவிடமாகிவிடுகின்றது. வாகனத்திற்குப் பழகிய பறவை அதனுள் இருக்கும் மனிதரைப் பொருட்படுத்துவதில்லை. குளக்கரை மரங்களிற் கபில மீன் ஆந்தை பகலிலும் வெளிப்படையாக அமர்ந்திருப்பதுண்டு. இயந்திரத்தை நிறுத்திவிட்டு, மாலை ஒளி குறையும்வரை காத்திருந்து எடுத்த படமொன்றை அண்மையில் மாணவர் ஒருவர் காட்டினார். மருத மரக் கிளையொன்றில் ஆந்தை நமக்கு முதுகு காட்டி அமர்ந்திருக்கின்றது. இறகுகள் தளர்ந்துள்ளன. தலை குனிந்து, கீழே ஒளி மங்கிய நீரை நோக்குகின்றது. படத்தில் அதன் முகம் இல்லை. அவர் அதனைப் போட்டிக்கு அனுப்பவில்லை.